ஆடி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது

கும்பகோணத்தில் திருமணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். டிசம்பர் கடைசியில் மளிகைக் கடையில் கொடுக்கும் தினசரி காலண்டர் கைக்கு வந்ததும் அவர் முதலில் தேடுவது ராசிபலனை அல்ல, முகூர்த்த நாட்களின் பட்டியலை. வளர்பிறை எத்தனை, தேய்பிறை எத்தனை, ஞாயிற்றுக்கிழமையில் விழுவது எத்தனை என்று பேனாவால் சுழித்துக்கொண்டே போவார். “அடுத்த வருஷம் எனக்கு எத்தனை நாள் சோறுன்னு சிவகாசிக்காரன் அச்சடிச்சே குடுத்துடுறான் சார்” என்பார். அதே மனிதர், ஆடி பிறந்து பத்தாம் நாள் எனக்குப் போன் செய்து கைமாற்று கேட்பார். கேட்கும்போது குரலில் ஒரு திகைப்பு இருக்கும், ஆடி சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டதைப் போல.

சிரிக்க எனக்கு உரிமை இல்லை. பதினெட்டு ஆண்டுகளாக மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. சென்னைப் புத்தகக் காட்சி ஜனவரியை ஒட்டி வருவதால், ஆகஸ்ட் தொடங்கி டிசம்பர் வரை தலைநிமிர நேரம் இருக்காது. பணம் வருவதோ காட்சி முடிந்து பதிப்பாளர் மூச்சுவிட்ட பிறகு. ஏப்ரலில் கையில் காசு இருக்கும், வேலை இருக்காது. செப்டம்பரில் வேலை மலைபோல் குவிந்திருக்கும், காசு இருக்காது. இது எனக்கு இரண்டாம் ஆண்டே தெரிந்துபோன சங்கதி. ஆனாலும் ஒன்பதாம் ஆண்டு வரை ஒவ்வொரு செப்டம்பரிலும் புதிதாக அதிர்ந்துகொண்டுதான் இருந்தேன்.

சொந்தத் தொழில் செய்பவர்களின் வரவை ‘நிலையற்ற வருமானம்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்தச் சொல்லில் பாதி பொய். நாகஸ்வரக்காரர், சமையல் மாஸ்டர், பந்தல் போடுபவர், மண்டபத்துக்குப் பூ கட்டுபவர் எல்லோருக்கும் ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் வறட்சி. கொத்தனாருக்கு ஐப்பசியும் கார்த்திகையும் மழை. கிழக்குக் கரையின் விசைப்படகு மீனவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். தேதியே அரசாணையில் இருக்கிறது. இவர்களுடைய வரவு ஏறுவதும் இறங்குவதும் நாள் குறித்தே நடக்கிறது. ஏறி இறங்குவது வேறு, நிலையில்லாமல் இருப்பது வேறு. கடலுக்கு ஓதம் உண்டு; அதற்காகக் கரையில் இருப்பவர்கள் கடலை நிலையற்றது என்று சொல்வதில்லை, நேரம் பார்த்துப் படகை இறக்குகிறார்கள்.

இந்தக் காலண்டரில் ஒரு விஷமமும் இருக்கிறது. ஜூனில் பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம் என்று பையைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்தால் ஜூலை நடுவில் ஆடி. புரட்டாசி முடிந்ததும் முடியாததுமாகத் தீபாவளி. மார்கழி முடிந்த மறுநாளே பொங்கல். ஒவ்வொரு வறண்ட மாதத்தின் தலைமாட்டிலோ கால்மாட்டிலோ ஒரு பெரிய செலவு உட்கார்ந்திருக்கிறது. பண்டிகைகள் அறுவடையைப் பார்த்து வைக்கப்பட்டவை. படம் எடுப்பவரைப் பார்த்து யாரும் வைக்கவில்லை.

நாள் குறித்து வரும் பள்ளம் இது. சொல்லாமல் வரும் பள்ளம் வேறு. கை எலும்பு முறிவது, கேமரா மழையில் நனைவது, பேசி முடித்த கல்யாணம் நின்றுபோவது, 2020 மார்ச்சில் வந்ததுபோல் நாடே அடைபடுவது. இரண்டையும் சமாளிக்க நமக்குச் சொல்லப்படும் புத்திமதி ஒன்றுதான்: “ஆறு மாதச் செலவை அவசர நிதியாகச் சேர்த்து வையுங்கள்.” மாதச் சம்பளக்காரருக்கு அது சரி; அவருக்கு வருமானம் நிற்பதே ஓர் அவசரம். எங்களுக்கு அப்படியில்லை. இரண்டு பள்ளத்துக்கும் ஒரே உண்டியல் வைத்தால், ஆண்டுதோறும் ஆடி அதைத் தின்றுவிடும். நிஜமாகவே எலும்பு முறியும் நாளில் உண்டியலைக் குலுக்கினால் சத்தம் வராது. ஆடியை அவசரக் கணக்கில் எழுதுவதுதான் முதல் பிழை. அது மாத வாடகையைப் போல் ஒரு வழக்கமான செலவு.

குதிரும் கோட்டையும்

நம் தாத்தாக்களில் பெரும்பாலோர் முதல் தேதி சம்பளம் வாங்கியவர்கள் அல்ல. காவிரிப் படுகையில் குறுவை, சம்பா என்று ஆண்டுக்கு இரண்டு முறை களத்திலிருந்து வந்த நெல்லை வைத்துக்கொண்டுதான் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் உலை வைத்தார்கள். அதற்கு அவர்களிடம் குதிர் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பத்தாயம். குதிரின் சூட்சுமம் அதன் இரண்டு வாய்களில் இருக்கிறது. மேல்வாய் அகலம். மூட்டை மூட்டையாகக் கொட்டலாம். அடியில் ஒரு சிறு துளை, துணியால் அடைத்திருக்கும். பெண்கள் அதைத் திறந்து, வேண்டிய மரக்கால் நெல்லை எடுத்துக்கொண்டு மறுபடி அடைத்துவிடுவார்கள். மேலே எவ்வளவு கொட்டினாலும் கீழே வருவது துளையின் அளவுக்குத்தான். நல்ல மகசூல் வந்த ஆண்டில் யாரும் துளையைப் பெரிதாக்கவில்லை. விதைநெல் குதிருக்குள் போகவே போகாது. அதைத் தனியாக வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டையாகக் கட்டி வைத்தார்கள். பசி வந்தால் கை முதலில் போகும் இடத்தில் விதை இருக்கக் கூடாது என்ற முன்யோசனை.

அதைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. குதிர் நின்றது நிலம் வைத்திருந்தவர் வீட்டில். களத்தில் கூலிநெல் வாங்கியவர் வீட்டில் பானைதான் இருந்தது. அறுவடைக்கும் அறுவடைக்கும் நடுவே அது கவிழ்ந்தும் கிடந்தது. இன்றைக்கும் அதே நியாயம்தான். மாதம் சராசரி பன்னிரண்டாயிரம் வரவும் பதினைந்தாயிரம் தவிர்க்க முடியாத செலவும் உள்ள ஒரு வீட்டுக்குப் போய்த் திட்டமிடுங்கள் என்று உபதேசம் செய்வது அயோக்கியத்தனம். அந்த வீட்டுக்குத் தேவை கூடுதல் கூலி. நான் பேசுவது, ஆண்டு முழுவதையும் கூட்டினால் போதுமான வரவு இருந்தும், ஆடியில் தண்டல்காரரைத் தேடிப் போகிறவர்களைப் பற்றி. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தவன்.

இன்றைய குதிர் ஒரு தனி வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். வருகிற ஒவ்வொரு ரூபாயும் தொழில் கணக்கில் விழ வேண்டும். முதல் தேதியன்று அந்தக் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு ஒரு தொகை, சம்பளம் போலத் தானாகப் போக வேண்டும். கேட்கச் சுலபம். செய்யும்போது சின்னச் சின்ன இடங்களில் ஒழுகும். கடைக் கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பத்தில் ஒன்பது கடைகளில் பால் பாக்கிக்கும் பெட்ரோலுக்கும் பணம் போகிற அதே கணக்காகத்தான் இருக்கும். துளையும் வாயும் ஒன்றாகிவிட்ட குதிர் அது. நண்பர் கடையில் அந்த அட்டையைக் கிழித்துப் புதிது ஒட்டியதுதான் நான் பார்த்த முதல் உருப்படியான சீர்திருத்தம்.

எட்டு லட்சத்தின் கதை

அந்தச் சம்பளம் எவ்வளவு என்பதில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். நண்பர் வீட்டில் ஒரு மத்தியானம் கணக்குப் போட்டோம். எழுதியது அவர் மனைவி, ஆல்பம் சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கத்தில். ஆண்டுக்குச் சுமார் இருபது கல்யாணம். ஒன்றுக்குச் சராசரி ரூ.40,000. ஆக, எட்டு லட்சம். இரண்டாவது கேமராக்காரர், வீடியோ எடுப்பவர், எடிட்டிங், ஆல்பம் அச்சு, போக்குவரத்து என்று ஒரு கல்யாணத்துக்கு ரூ.22,000 வெளியே போகிறது. மிச்சம் ரூ.18,000, இருபதுக்கு ரூ.3,60,000. கடை வாடகை, மின்சாரம், இணையம் எல்லாம் மாதம் ஐந்தாயிரம், ஆண்டுக்கு அறுபதாயிரம். கேமராவும் லென்சுகளும் இரண்டரை லட்சம். ஐந்து ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் தேய்மானம், அதுதான் விதைநெல். இரண்டையும் கழித்தால் நிற்பது ரூ.2,50,000. மாதம் இருபதாயிரத்துச் சொச்சம். ஒரு கல்யாணத்துக்கு, பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.

அந்த அம்மாள் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தனை வருஷமா எட்டு லட்சம் சம்பாதிக்கிற வீடுன்னு நெனைச்சுல்ல கடன் வாங்கிட்டு இருந்திருக்கோம்” என்றார். நண்பர் எழுந்து காபி போடப் போய்விட்டார்.

சம்பளம் ரூ.18,000 என்று முடிவானது. சராசரியை விடக் கொஞ்சம் குறைவாக வைப்பது கஞ்சத்தனம் அல்ல. அடுத்த ஆண்டு இருபது பதினெட்டாகலாம். மிஞ்சும் ரூ.34,000 இரண்டாவது உண்டியலுக்கு, எலும்பு முறிவதற்கு. பிறகு அந்த அம்மாள் இன்னொரு வரி எழுதினார். வறண்ட மாதம் மூன்று. வீட்டுச் சம்பளமும் கடைச் செலவும் சேர்த்து மாதம் ரூ.23,000, மூன்றுக்கு ரூ.69,000. இருபது கல்யாணத்தில் பங்கிட்டால் ஒவ்வொன்றிலிருந்தும் ரூ.3,450. ஆடி, புரட்டாசி, மார்கழியின் விலை தெரிந்துவிட்டது. விலை தெரிந்த பொருளைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. கல்யாணக் கட்டணம் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசலாம். “ரேட்டைக் குறைச்சுக்கோங்க” என்று பெண் வீட்டார் கேட்கும்போது ஆடியையா மார்கழியையா எதைக் குறைப்பது என்று நண்பர் மனதுக்குள் கேட்டுக்கொள்கிறாராம்.

முதல் ஆண்டு கடினம் என்பதை மறைக்கக் கூடாது. காலிக் குதிரிலிருந்து யாரும் சம்பளம் எடுக்க முடியாது. தை, மாசி, பங்குனியில் வரவு பொங்கும்போது, பழைய கடன்காரர்கள் எதிரில் நிற்கும்போது, பணத்தை வங்கியில் சும்மா கிடக்கவிட மனம் ஒப்பாது. நண்பருக்கு இரண்டு ஆண்டு பிடித்தது. எனக்கு மூன்று. இடையில் நான் ஒரு முறை குதிரை உடைத்துப் புத்தக அலமாரி வாங்கினேன். அதை வீட்டில் இன்றும் ‘செப்டம்பர் அலமாரி’ என்றுதான் சொல்கிறார்கள்.

முன்பணம் யாருடைய பணம்?

சொந்தத் தொழிலில் மிகவும் ஏமாற்றுகிற பணம் அட்வான்ஸ். வைகாசிக் கல்யாணத்துக்குத் தையிலேயே பத்தாயிரம் வந்துவிடும். கையில் வாங்கும்போது அது வரவு மாதிரியே இருக்கும், அதே காந்தி, அதே மணம். ஆனால் செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் கடன்தான். வட்டி மட்டும் இல்லை. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்கான முன்பணம் தமிழ்நாடு முழுவதும் மண்டபக்காரர், சமையல்காரர், படம் எடுப்பவர் கைகளுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. பெரும்பாலும் செலவாகியும் இருந்தது. பிறகு ஐம்பது பேருக்குள் கல்யாணம் நடத்தலாம் என்றார்கள். ஐம்பது பேர் கல்யாணத்துக்கு இரண்டு கேமரா எதற்கு? அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. கொடுக்க முடியாதவர்களையும் முடியாது. 2021 மே மாதம் மறுபடி முழு ஊரடங்கு வந்தபோது, முதல் ஆண்டின் முன்பணத்தையே சிலர் இன்னும் தவணையில் திருப்பிக்கொண்டிருந்தார்கள்.

அதன் பிறகு நண்பர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். வேலை முடியும்வரை முன்பணத்தில் அவர் தொடுவது ஆல்பத்துக்குக் காகிதம் வாங்கும் அளவுக்கு மட்டும். பாக்கித் தொகையில் பெரும்பகுதியை முகூர்த்தத்தன்றே கேட்டு வாங்கிவிடுகிறார். முன்பெல்லாம் ஆல்பம் கொடுக்கும்போது வாங்கிக்கொள்வதுதான் பழக்கம். கல்யாணம் முடிந்து, விருந்து முடிந்து, மணமக்கள் வெளியூர் போன பிறகு ஆல்பத்தின் அவசரம் யாருக்கும் இருப்பதில்லை. அவர் கடை அலமாரியில் பணம் கொடுத்து வாங்கிப்போக ஆள் வராத ஆல்பங்கள் பதினொன்று இருக்கின்றன. அதில் இரண்டு தம்பதிகளுக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

என் தொழிலில் நிலைமை சட்டப்படி இதைவிட மேல். 2006-ன் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுசெய்த சிறுதொழில் செய்பவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத நிறுவனம், கொடுக்கும்வரை அந்தத் தொகையைத் தன் செலவாக வருமானவரிக் கணக்கில் காட்ட முடியாது என்று அண்மையில் இன்னொரு முடிச்சும் போட்டிருக்கிறார்கள். நல்ல சட்டம். ‘உத்யம்’ பதிவும் இலவசம். நானும் செய்து வைத்திருக்கிறேன். இதுவரை ஒருவரிடமும் வட்டி கேட்டதில்லை. கேட்டால் வட்டி வரும், அடுத்த புத்தகம் வராது.

சில்லறையாக வரும் பணம்

மொத்தமாக வரும் பணத்தைவிடச் சில்லறையாக வரும் பணத்தைப் பிடித்துவைப்பது கடினம். எங்கள் தெருவில் ஒரு பெண் ப்ளவுஸ் தைக்கிறார். தீபாவளி, பொங்கல், கல்யாண சீசனுக்கு முன்பு இரவு ஒரு மணிக்கும் மோட்டார் சத்தம் கேட்கும். அவருக்குப் பணம் நூற்றைம்பதாகவும் முந்நூறாகவும் வருகிறது. வந்த கையோடு பால்காரருக்கு, கேஸ் சிலிண்டருக்கு, பிள்ளையின் செய்முறை நோட்டுக்கு என்று கரைந்துவிடுகிறது. பண்டிகைக்கு முந்தைய மாதத்தில் அவர் மூன்று மடங்கு சம்பாதிக்கிறார் என்பது அவருக்கே தெரியாது. அந்த மாதம் முதுகு வலித்தது மட்டும்தான் தெரியும். அதனால்தான் அவரைப் போன்றவர்கள் சீட்டில் சேர்கிறார்கள். ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, தீபாவளிச் சீட்டு, நகைச் சீட்டு எதுவானாலும் அதில் அவர்கள் விலைகொடுத்து வாங்குவது கட்டாயத்தை. பதிவுபெற்ற சீட்டில் நடத்துபவருக்குக் கிடைக்கும் கழிவு 5 சதவீதமாக இருந்து, 2019 சட்டத் திருத்தத்தில் 7 ஆனது. அந்த ஏழு சதவீதம், தன் கையைத் தானே கட்டிப்போட முடியாதவர் கயிறுக்குக் கொடுக்கும் வாடகை. பதிவில்லாத சீட்டில் கயிறும் போய்விடும், கட்டியவரும் போய்விடுவார்; ஐப்பசி தோறும் செய்தியில் பார்க்கிறோம். பெண்கள் அஞ்சறைப் பெட்டியில் ஒளித்துவைக்கும் சிறுவாடு இந்த எல்லா நிறுவனங்களைவிடவும் பழையது, ஓடிப்போனதாகச் செய்தி வராதது.

ஆட்டோ ஓட்டுநர்கள் கதை இன்னொரு விதம். 1997-ல் கோலின் கேமரர், ரிச்சர்ட் தேலர் உட்பட நான்கு பொருளியலாளர்கள் நியூயார்க் டாக்சி ஓட்டுநர்களின் பயணப் பதிவுத் தாள்களை ஆராய்ந்து ஒரு விசித்திரத்தைச் சொன்னார்கள். சவாரி நன்றாகக் கிடைக்கும் நாளில் ஓட்டுநர்கள் சீக்கிரம் வீடு திரும்பிவிடுகிறார்கள்; மந்தமான நாளில் நெடுநேரம் சுற்றுகிறார்கள். அன்றன்றைக்கு ஓர் இலக்கு வைத்துக்கொண்டு அதைத் தொட்டதும் நிறுத்திவிடுவதுதான் காரணம் என்றார்கள். பின்னால் ஹென்றி ஃபார்பர் வேறு தரவுகளை வைத்து இதை மறுத்தார். சண்டை இன்னும் முடியவில்லை. எந்தக் கட்சி ஜெயித்தாலும், சென்னையில் மழைநாள் மாலையில் ஆட்டோ கிடைக்காமல் நின்றவர்களுக்கு இது பரிச்சயமான காட்சி. ஓட்டுநர் முட்டாள் அல்ல. வண்டி வாடகை அன்றாடம், எரிபொருள் அன்றாடம், வீட்டுக்குக் கொடுப்பதும் அன்றாடம். நாளைய பணத்தைப் போட்டுவைக்க ஒரு பாத்திரம் இல்லாதவருக்கு இன்றைய இலக்குக்கு மேல் சம்பாதிப்பதில் அர்த்தம் இல்லை. பாத்திரம் ஒன்று இருந்தால், மழைநாளின் கூடுதல் இரண்டு மணி நேரம் வண்டி பழுதுபார்க்கும் நாளுக்குச் சம்பளமாகும்.

சங்கிலி திரும்பியதா?

குதிர் இல்லாதபோது ஆடிக்கு வேறு விலை. தெருவில் ரூ.10,000 தண்டல் என்றால் கையில் தருவது ரூ.8,500, நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். “ஆயிரத்து ஐந்நூறுதானே” என்று தோன்றும். ஆனால் மறுநாளே அசல் திரும்பத் தொடங்கிவிடுகிறது. நூறு நாளில் சராசரியாக நம்மிடம் இருப்பது அதில் பாதி, நாலாயிரத்துச் சொச்சம். அதற்கு ஆயிரத்து ஐந்நூறு வட்டி. ஆண்டுக் கணக்கில் 125 சதவீதத்தைத் தாண்டும். ஆடி ஒன்றாம் தேதி வாங்கினால் தவணை முடிவது ஐப்பசி முதல் வாரத்தில். ஆவணிக் கல்யாணங்களின் சம்பாத்தியம் தண்டல் நோட்டில் போய்விடும்; புரட்டாசி வறண்டு கிடக்கும்; தீபாவளிக்கு அடுத்த தண்டல். 2003-ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது, 2025-ல் கட்டாய வசூலைத் தடுக்க இன்னொன்று. வட்டிக்காரரின் கொடுமைக்குத் தண்டனை இருக்கிறது. அவரிடம் போகவேண்டி வந்த மாதத்துக்கு இன்னும் மருந்து இல்லை.

நகைக்கடனை நான் அப்படிப் பார்ப்பதில்லை. தமிழ் வீடுகளின் நிஜமான பட்ஜெட் கருவி அதுதான். ஆடியில் சங்கிலி வங்கிக்குப் போகிறது, ஆவணியில் கழுத்துக்குத் திரும்புகிறது. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி ரூ.2.5 லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்று விதித்ததும் சிறுகடன்காரர்களுக்கு நல்லதே. சங்கிலி எந்த மாதம் திரும்புகிறது என்பதை மட்டும் குறித்து வையுங்கள். ஆவணியில் திரும்பிக்கொண்டிருந்தது ஒரு வருடம் ஐப்பசியில் திரும்பி, அடுத்த வருடம் தையில் திரும்பினால், கட்டணம் பேசுவதிலோ வீட்டுச் சம்பளத்திலோ தவறு நடந்திருக்கிறது. மூன்று பக்கக் கணக்கு சொல்லாததை அந்தச் சங்கிலி சொல்லிவிடும்.

தண்டலும் நகைக்கடனும் தவிர இன்னொரு வழியும் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு பக்கமும் தஞ்சை மாவட்டத்தின் பேராவூரணிப் பக்கமும் ஆடியில் மொய் விருந்து நடக்கும். கறிவிருந்து போட்டு ஊரைக் கூப்பிட்டு மொய் வாங்குவது, பிறகு ஆண்டுக்கணக்கில் ஒவ்வொருவர் விருந்திலும் அதைத் திருப்பிச் செய்வது. ஒரு குடும்பம் பொதுவாக ஐந்து ஆண்டுக்கு ஒரு முறைதான் வைக்கலாம். திரும்பச் செய்யாவிட்டால் மானம் போகும் என்பதைத் தவிர வேறு பத்திரம் கிடையாது. ஒரு வட்டாரமே சேர்ந்து கட்டிய குதிர் அது. கல்யாணம் இல்லாத மாதத்தில் அந்தப் பக்கத்துச் சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் வேலையும் கொடுக்கிறது.

மாதம் என்கிற அளவுகோல்

இதுவரை சொன்னதெல்லாம் தனி ஆளின் பொறுப்பு. ஆனால் ஒருவர் எவ்வளவு ஒழுங்காகக் குதிர் கட்டினாலும், வெளியுலகம் அவரிடம் மாதக் கணக்கில்தான் பேசுகிறது. தவணை ஐந்தாம் தேதி. தவறினால் அபராதம், கூடவே சிபிலில் ஒரு கரும்புள்ளி. முதல் தேதி சம்பளம் வாங்குபவரை மனதில் வைத்து வெட்டிய சட்டை இது. 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலை செய்பவர்களில் ஏறத்தாழ 58 சதவீதத்தினர் சுயதொழில் செய்பவர்கள். முறையான மாதச் சம்பளக்காரர்கள் 22 சதவீதம்தான். ஐந்தில் ஒருவருக்குத் தைத்த சட்டையை ஐந்து பேருக்கும் மாட்டுகிறோம்.

வேறு விதமாகத் தைக்கத் தெரியாமல் இல்லை. 1998-ல் வந்த கிசான் கடன் அட்டையில், திருப்பிச் செலுத்தும் காலம் பயிரின் அறுவடையைப் பார்த்து வைக்கப்படுகிறது. நெல் விளையாத மாதத்தில் உழவரிடம் தவணை கேட்பது அபத்தம் என்று வங்கிகளுக்குத் தெரிந்திருக்கிறது. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் பந்தல்காரரிடம் கேட்பது மட்டும் எப்படி நியாயம்? முத்ரா கடனில் கேமராவோ தையல் இயந்திரமோ வாங்குபவருக்கு, அவர் தொழிலின் மூன்று வறண்ட மாதங்களில் தவணை இல்லாமல், மற்ற ஒன்பதில் கூடுதலாக வாங்கும் அட்டவணை ஒன்றைக் கொடுப்பதால் வங்கிக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. காலண்டர் வங்கிக் கிளைச் சுவரிலும்தான் தொங்குகிறது.

மீனவர்களுக்கான சேமிப்பு, நிவாரணத் திட்டம் இன்னும் நல்ல முன்மாதிரி. மீன் கிடைக்கும் மாதங்களில் மீனவர் ரூ.1,500 சேமித்தால், மத்திய, மாநில அரசுகள் ரூ.3,000 சேர்த்து, ரூ.4,500 ஆக வறண்ட மாதங்களில் திருப்பித் தருகின்றன. தொகை சிறிது, யோசனை பெரிது. அரசே கட்டித் தரும் குதிர். தமிழ்நாட்டில் 1982-ன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் வழிவந்த நலவாரியங்கள் இருக்கின்றன. தையல்காரருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் தனித்தனி வாரியம் உண்டு. கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம், விபத்து நிவாரணம் தருகிறார்கள். பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாவற்றுக்கும் விண்ணப்பம் இருக்கிறது, ஆடிக்கு மட்டும் இல்லை. அதே வாரியங்கள் வழியாக இந்தச் சேமிப்புத் திட்டத்தை நடத்தலாம். தொழிலுக்குத் தொழில் வறண்ட மாதம் எது என்று சொல்ல நிபுணர் குழு வேண்டியதில்லை. உறுப்பினர்களைக் கேட்டாலே போதும்.

நம் பக்கத்திலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று ஆனபிறகு, சிறுதொழில் செய்பவர்கள் பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. வரி இல்லாவிட்டாலும் தாக்கல் செய்த கணக்கு ஒன்றுதான் வங்கி நம்புகிற சாட்சி. முழுப் பேரேடு இல்லாதவருக்கு, விற்றுமுதலில் 8 சதவீதமோ, மின்வழி வரவுக்கு 6 சதவீதமோ லாபம் என்று வைத்துக்கொள்ளும் ஊக முறையும் இருக்கிறது. அதில் முன்வரி நான்கு தவணை இல்லை. மார்ச் 15-க்குள் ஒரே தவணை. வருமானவரித் துறை மாதக் கணக்கில் பேசாத அபூர்வமான இடம் அது. சேமிப்பிலும் மாதம் தவறினால் அபராதம் போடும் தொடர்வைப்பைவிட, ஆண்டுக்கு ரூ.500 முதல் ரூ.1.5 லட்சம் வரை முடிந்த நாளில் முடிந்ததைப் போடவிடும் பொது சேமநல நிதி எங்களைப் போன்றவர்களுக்குப் பொருந்தும்.

போன ஆவணியில் நண்பர் புதிய கேமராவுக்குக் கடன் கேட்டுப் போனார், நானும் துணைக்குப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் ‘மாத வருமானம்’ என்று ஒரு கட்டம். அவர் பன்னிரண்டு மாதக் கணக்கையும் தாளில் எழுதி எடுத்து வந்திருந்தார்: தையில் எவ்வளவு, ஆடியில் பூஜ்யம், ஆவணியில் எவ்வளவு, எந்த மாதம் தவணை வேண்டாம், எந்த மாதம் இரட்டிப்பாகக் கட்டத் தயார் என்பது வரை. அதிகாரி நல்ல மனிதர். தாளை முழுதும் படித்தார். “இவ்ளோ தெளிவா யாரும் எழுதிட்டு வந்ததில்ல சார்” என்றார். பிறகு திரையைக் காட்டினார். “ஆனா இந்தக் கட்டத்துல ஒரு நம்பர்தான் போட முடியும்.”